ட்ரவுட் ஓடும் ஆறும் பனிச்சிறுத்தை உலவும் பாலையும்

இமாசலப் பிரதேசம் என்றதும் நம்மவர்களுக்கு ஆப்பிளும் சிம்லாவும் மணாலியும்தான் நினைவுக்கு வரும். அதே மாநிலத்தில் மரம் முளைக்காத, மழை எட்டாத குளிர்ப் பாலைவனம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. தேவதாரு காட்டுக்குள் ஓடும் ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கலாம். அங்கிருந்து ஒரு மலைத்தொடரைத் தாண்டினால், பனிச்சிறுத்தை உலவும் பாலையில் பட்டாணி விவசாயம் பார்க்கலாம்.

சென்ற செப்டம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு மனைவியோடு இந்த வழியில் பத்து நாள் சுற்றி வந்தேன். முப்பது வருடமாக வயல்வெளியில் நடந்து பழகிய கால்கள். எங்கே போனாலும் கோயிலுக்கு முன்னால் வாய்க்காலைத்தான் தேடும். அதனால் இந்தக் கட்டுரையிலும் இயற்கைக் காட்சியைவிட அங்குள்ள குடியானவர்களின் பிழைப்பே அதிகம் இருக்கும். காட்டு விலங்கோடும் ஆற்றோடும் அவர்கள் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடுகள் நமக்கும் பயன்படும் என்பதே இதை எழுதக் காரணம்.

சாங்ளா: மலை முடியும் இடம்

சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றை ஒட்டியே சாலை போகிறது. கர்ச்சாம் என்ற இடத்தில் பாஸ்பா ஆறு வந்து சட்லெஜில் சேர்கிறது. அங்கே திரும்பி மேலே ஏறினால் கின்னௌர் மாவட்டத்தின் சாங்ளா பள்ளத்தாக்கு. செப்டம்பர் என்பதால் ஆப்பிள் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் கடைசி ஊரான சிட்குல் சுமார் 3,450 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த உயரத்திலும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் பாப்பரையும் விளைகின்றன.

பாஸ்பா ஆற்றின் மேல்பகுதி ட்ரவுட் மீனுக்குப் பெயர் பெற்றது. சாங்ளாவுக்குக் கீழே குப்பா என்ற இடத்தில் தடுப்பணை கட்டி, 300 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். அணைக்கு மேலே பாறைகளில் மோதித் துள்ளி ஓடும் ஆறு, அணைக்குக் கீழே இளைத்துக் கிடக்கிறது. மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஆற்றுநீரைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டால் மீனும் மீனை நம்பிய பிழைப்பும் என்னவாகும் என்பதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திர்த்தன் ஆற்றுக்கு வரும்போது உதவும்.

ஸ்பிதி: மழை எட்டாத நாடு

கின்னௌரைத் தாண்டி காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அதற்கப்பால் பச்சை நிறம் மெல்ல மெல்ல மறைகிறது. தெற்கிலிருந்து வரும் பருவமழை மேகத்தை இமயத் தொடர்கள் மறித்துவிடுவதால் இது மழை மறைவுப் பகுதி. கோடையில் மழை மிகச் சொற்பம். குளிர்காலத்தில் விழும் பனிதான் அங்குள்ள தண்ணீர் முழுவதும். மண்ணும் சரளையும் மடிப்பு மடிப்பாக நிற்கும் மலைகள், இடையிடையே கைக்குட்டை விரித்தது போல ஒரு பச்சைத் துண்டு. அந்தப் பச்சைத் துண்டுதான் ஊர்.

தாபோ ஊரில் பொது ஆண்டு 996-ல் நிறுவப்பட்ட புத்த மடம் இருக்கிறது. களிமண் சுவர்தான். மழை இல்லாத நாடு என்பதால் ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்கிறது. ஸ்பிதியின் தலைநகர் போன்ற காசா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 25 டிகிரிக்குக் கீழும் இறங்கும்.

இங்கே ஆண்டுக்கு ஒரு போகம்தான். பார்லி பாரம்பரியப் பயிர். வறுத்து மாவாக்கி வைத்துக்கொண்டால் குளிர்காலம் முழுதும் சாப்பாடு. பச்சைப் பட்டாணி பணப்பயிர். சமவெளியில் பட்டாணி இல்லாத மாதங்களில் இங்கே காய்ப்பதால் நல்ல விலை. பனிமலை உருகும் இடத்திலிருந்து 'குல்' என்ற வாய்க்காலைப் பல கிலோமீட்டர் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். இரவெல்லாம் வரும் நீரை ஊருக்கு மேலே ஒரு சிறு குட்டையில் தேக்கி, காலையில் மடை திறந்து முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். யாருக்கு எந்த முறை என்பது தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி வைத்து முறைத்தண்ணீர் விட்டது போலத்தான். பனி குறைந்த ஆண்டில் குல் வறண்டுவிடும். பட்டாணி பூவிலேயே கருகிவிடும்.

கிப்பர் ஊர்க்காரர்களின் கணக்கு

காசாவிலிருந்து மேலே ஏறினால் கிப்பர். சுமார் 4,200 மீட்டர் உயரம். நாலு அடி வேகமாக நடந்தாலே மூச்சு வாங்குகிறது. சுற்றிலும் கிப்பர் வனவிலங்குச் சரணாலயம். சரிவுகளில் 'பரல்' எனப்படும் நீல ஆடுகள் கூட்டமாக மேய்கின்றன. செங்குத்துப் பாறைகளில் வளைந்த கொம்புடைய ஐபெக்ஸ் காட்டாடு நிற்கிறது. செந்நரி, ஓநாய், எலும்பைக் கீழே போட்டு உடைத்துத் தின்னும் தாடிக் கழுகு எல்லாம் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலே பனிச்சிறுத்தை.

2024-ல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அவற்றில் 51 இமாசலத்தில். நாங்கள் போன செப்டம்பரில் அது உயரத்துக்குப் போய்விடும். கண்ணில் படவில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பனி இறங்கும்போது காட்டாடுகள் கீழே வரும். அவற்றின் பின்னே அதுவும் வரும்.

பார்க்க அழகான விலங்குதான். ஆனால் கிப்பர் விவசாயிக்கு அது வேறு கணக்கு. பனிச்சிறுத்தை மனிதரைத் தாக்குவதில்லை. ஆட்டையும் கன்றையும் யாக் மாட்டையும் அடிக்கும். இரவில் கூரையில்லாத பட்டிக்குள் குதித்துவிட்டால் ஒன்றோடு நிற்காது, கலவரத்தில் பலவற்றைக் கொன்றுபோடும். 1995, 1996-ம் ஆண்டுகளில் இந்தப் பகுதியில் நடந்த ஆய்வில், 18 மாதங்களுக்குள் தங்கள் கால்நடைகளில் 18 சதவீதம் பனிச்சிறுத்தைக்கும் ஓநாய்க்கும் பலியானதாக ஊர்மக்கள் தெரிவித்தார்கள். ஆறு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு மாடு போனது போல. அப்படிப்பட்டவரிடம் போய் "இது அரிய விலங்கு, காப்பாற்றுங்கள்" என்று சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? வனவிலங்குச் சட்டப்படி அதைத் தொடவும் கூடாது. அரசு இழப்பீடு இருந்தாலும் அந்த மலையிலிருந்து மனுவைத் தூக்கிக்கொண்டு எத்தனை முறை இறங்கி ஏறுவது?

இந்த முடிச்சை அவிழ்க்க, சாருதத் மிஸ்ரா என்ற விஞ்ஞானியும் மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் ஊர்மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். மூன்று ஏற்பாடுகள் நடந்தன.

முதலாவது, மேய்ச்சல். ஊர் மாடுகள் மலையை மொட்டையாக மேய்ந்துவிட்டால் நீல ஆட்டுக்குப் புல் இல்லை. நீல ஆடு குறைந்தால் சிறுத்தைக்குப் பட்டியை விட்டால் வேறு வழியில்லை. எனவே 1990-களின் பிற்பகுதியில் ஊர்ச்சபை தன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை மேய்க்காமல் விட ஒப்புக்கொண்டது. விட்ட மேய்ச்சலுக்கு ஈடாக ஊருக்குப் பணம் கிடைத்தது. காவலுக்கு ஊர் ஆட்களையே அமர்த்தினார்கள். சில ஆண்டுகளில் அங்கே நீல ஆடு பெருகியது.

இரண்டாவது, காப்பீடு. 2002-ல் தொடங்கியது. யாக் வைத்திருப்பவர் தலைக்கு இவ்வளவு என்று ஊர் நிதிக்குக் கட்ட வேண்டும். தொடக்கத்தில் அறக்கட்டளையும் பங்கு போட்டது. மாட்டைச் சிறுத்தை அடித்தால், ஊர்க் குழுவே நேரில் பார்த்து உறுதி செய்து பணம் கொடுக்கும். பொய்க்கணக்கு எழுத முடியாது. ஏனென்றால் பணம் போகப்போவது பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய நிதியிலிருந்து; பார்க்க வருபவரும் அவரே. மாட்டை ஒழுங்காக மேய்த்து இழப்பில்லாமல் காத்தவருக்குப் பரிசும் உண்டு.

மூன்றாவது, பட்டி. சுவரை உயர்த்தி, வலைக்கம்பியால் கூரை வேய்ந்து, உறுதியான கதவு போட்டுத் தருவது. மூன்றில் இதுதான் செலவு குறைந்தது. இரவு இழப்பை உடனே நிறுத்துவதும் இதுதான்.

இப்போது குளிர்காலத்தில் பனிச்சிறுத்தை பார்க்க வெளியூரார் வருகிறார்கள். வீட்டில் தங்கவைப்பது, வழிகாட்டுவது, தடம் தேடிக் கொடுப்பது என்று பட்டாணி இல்லாத மாதங்களிலும் சில குடும்பங்களுக்கு வருமானம். எல்லா வீட்டுக்கும் அந்த வருமானம் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அடிபட்ட மாட்டின் நட்டம் ஒரு வீட்டின் தலையில் மட்டும் விழுவதில்லை. அதுதான் பெரிய மாற்றம்.

மலையின் மறுபக்கம்

காசாவிலிருந்து லோசர் வழியாக 4,551 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து, சந்திரா ஆற்றங்கரையில் கல்லும் குழியுமான சாலையில் வர வேண்டும். 2020 அக்டோபரில் திறந்த 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கத்துக்குள் நுழையும்போது வெளியே மொட்டை மலை. மறுபுறம் வெளியே வந்தால் தேவதாருக் காடு, ஈரக் காற்று, பியாஸ் ஆறு. அரை மணி நேரத்துக்குள் பாலை போய்க் குறிஞ்சி வந்துவிடுகிறது.

ட்ரவுட் மீன் இந்தப் பக்கத்தின் செல்வம். ஆனால் அது இந்த மண்ணின் மீன் அல்ல. ஆங்கிலேயர் தங்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்தது. கப்பலில் முட்டையாகவே கொண்டுவரப்பட்டு 1900-ல் காஷ்மீரில் நிலைபெற்றது. அங்கிருந்து 1909-ல் குலுவுக்கு வந்தது. ஆறுகளில் தானாகப் பெருகி வாழ்வது உடம்பெல்லாம் புள்ளியுள்ள பழுப்பு ட்ரவுட். பண்ணைகளில் வளர்ப்பது பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும் வானவில் ட்ரவுட். பட்லிகுல் அரசுப் பண்ணையில் நார்வே நாட்டு உதவியோடு பண்ணை முறையில் வளர்ப்பது வேரூன்றியது. அதன் பிறகுதான் விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே தொட்டி கட்டத் தொடங்கினார்கள்.

திர்த்தன்: ஆற்றை ஓட விட்ட ஊர்கள்

குலுவைத் தாண்டித் தெற்கே வந்தால், லார்ஜியில் பியாஸோடு கலக்கும் திர்த்தன் ஆறு. இது பிறப்பது மகா இமாலயத் தேசியப் பூங்காவின் பனிமலையில். 1999-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்கா 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இமாசலத்தின் மாநிலப் பறவையான, அவர்கள் 'ஜுஜுரானா' என்று அழைக்கும் மேற்கத்திய டிராகோபான் இங்கே வாழ்கிறது. கஸ்தூரி மான், கருங்கரடி, பழுப்புக் கரடி, நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்து உறவான இமாலய வரையாடு ஆகியவையும் உண்டு.

பூங்கா வந்தபோது அருகிலுள்ள ஊர்களுக்கு இழப்பு வந்தது. ஆடு மேய்த்த புல்வெளியும் மூலிகை எடுத்த காடும் கைவிட்டுப் போயின. அந்த வருத்தம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதைப் பெரியவர்கள் பேச்சில் உணர முடிகிறது. அந்த நிலையில் அவர்களுக்கு மிஞ்சிய சொத்து ஆறுதான். திர்த்தனில் சிறு மின் திட்டங்கள் கட்ட முயற்சி வந்தபோது, பஞ்சார் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலாராம் ஷபாப் முன்னின்று ஊர்மக்களோடு நீதிமன்றம் வரை போனார். திட்டங்கள் கைவிடப்பட்டன. ஆறு தடையில்லாமல் ஓடுகிறது. பாஸ்பாவில் அணைக்குக் கீழே பார்த்த ஆற்றையும் இந்த ஆற்றையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இன்று குஷைனி, நாகினி ஊர்களில் ஆற்றோரம் தங்கும் வீடுகள், தூண்டில் போட வருபவர்கள், ட்ரவுட் தொட்டிகள் என்று பிழைப்பு நடக்கிறது. மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. வலை வீசுவதும் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய மீன் பிடிக்கத் தடை. அது ட்ரவுட் முட்டையிடும் காலம். முட்டைக் காலத்தில் கை வைத்தால் அடுத்த ஆண்டு ஆறு வெறுமையாகிவிடும் என்பதை ஊர்க்காரர்களே காவல் காப்பது போலப் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பழுப்பு ட்ரவுட் மற்ற மீன்களைத் தின்னும். இந்த ஆறுகளின் சொந்த மீனான பனி ட்ரவுட், பெயரில் ட்ரவுட் என்றாலும் கெண்டை இனம். இன்று உலக அளவில் அழியும் ஆபத்துள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. வந்தேறி மீனும் அதில் ஒன்று. ஜிலேபிக் கெண்டையை நம் குளங்களில் விட்டுப் பார்த்த நமக்கு இது புதிய கதை அல்ல.

ட்ரவுட் வளர்ப்பு: வாசகர்கள் கேட்கும் கேள்வி

மீன் வளர்ப்பு பற்றிக் கேட்கும் வாசகர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி, "ட்ரவுட்டை நம் ஊரில் வளர்க்கலாமா?" என்பது. நேரடிப் பதில்: சமவெளியில் முடியாது. காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வானவில் ட்ரவுட்டுக்கு 10 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த நீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினால் தீனி குறையும். அதற்கு மேல் உயிருக்கே ஆபத்து. நிற்கும் நீர் உதவாது. ஓடிக்கொண்டே இருக்கும், உயிர்வளி நிறைந்த தெளிந்த நீர் வேண்டும். அதனால்தான் குளம் வெட்டாமல், 15 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் சிமென்ட் ஓடைத் தொட்டி கட்டி, ஒரு முனையில் ஓடை நீரை விட்டு மறுமுனையில் வெளியேற்றுகிறார்கள். குளிர்காலத்தில் தாய் மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டை எடுத்து, ஆண் மீனின் விந்தோடு கலக்கிறார்கள். 10 டிகிரி நீரில் சுமார் ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். விற்கும் எடையான 250, 300 கிராமுக்கு வர ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். புரதம் மிகுந்த தீவனம்தான் செலவில் பெரும்பகுதி. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு.

ஆபத்தும் பெரிது. ஓடையில் வண்டல் வந்தால் மீனின் செவுள் அடைத்துவிடும். 2023 ஜூலையில் பியாஸ் பெருக்கெடுத்தபோது குலுப் பகுதியில் பல பண்ணைகள் அழிந்தன. ஆற்றுக்கு அருகே தொட்டி கட்டினால்தான் நீர் கிடைக்கும். அருகே கட்டினால் வெள்ளமும் வரும்.

நம் மாநிலத்தில் ட்ரவுட்டுக்கு ஏற்ற இடம் நீலகிரியின் உயரமான ஓடைகள் மட்டுமே. அவலாஞ்சியில் 1907-ல் தொடங்கிய ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் கெண்டையும் விராலும் வளர்ப்பதே புத்திசாலித்தனம்.

போக விரும்புவோருக்கு

ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு அதிகம் என்பதால் செப்டம்பர் நல்லது. குன்சும் கணவாய் பனியில் மூடிவிடும் என்பதால் அக்டோபருக்குப் பிறகு இந்தச் சுற்று முடியாது. சிம்லா, சாங்ளா வழியாக மெல்ல ஏறினால் உடம்பு உயரத்துக்குப் பழகும். மணாலி வழியாக ஒரே நாளில் காசா ஏறினால் தலைவலியும் வாந்தியும் படுக்க வைத்துவிடும். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நம் ஊரில் காட்டுப்பன்றி ஒரே இரவில் கடலைக்காட்டை உழுதுவிடுகிறது. மயில் விதைத்ததைப் பொறுக்குகிறது. மலையடிவாரத்தில் யானை வாழையைச் சாய்க்கிறது. சிறுத்தை ஆட்டைத் தூக்குகிறது. இழந்தவர் தனியாக மனு எழுதுகிறார், தனியாக அலைகிறார், கடைசியில் வேலியில் மின்சாரம் விடுகிறார். அந்தக் கம்பியில் யானையும் சாகிறது. சில நேரம் பக்கத்துக் காட்டுக்காரரும் சாகிறார்.

கிப்பர் ஊர் பெரிய ஊர் அல்ல. பணக்கார ஊரும் அல்ல. அங்கே நடந்ததைச் சிறிய அளவில் நாமும் செய்து பார்க்கலாம். பால் கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் குழுவோ இருக்கும் ஊரில், ஆட்டுக்கும் மாட்டுக்கும் தலைக்கு மாதம் ஒரு சிறு தொகை பிடித்து ஊர் நிதி வைக்கலாம். அரசுக் காப்பீடும் வனத்துறை இழப்பீடும் வந்து சேரும் வரை, அடிபட்டவருக்கு அந்த வாரமே கையில் கொஞ்சம் பணம் கொடுக்க இது உதவும். ஐந்து பேர் குழு, ஒரு பதிவேடு, நட்டத்தை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் போதும். அந்த நிதியின் முதல் செலவு ஆட்டுப்பட்டிக்குக் கம்பிவலைக் கூரை போடுவதாக இருக்கட்டும். பட்டியில் கூரை இருந்தால் பணம் கொடுக்க வேண்டிய நாளே குறைந்துவிடும்.